மூணு பம்பு கிரீஸ்

— அந்தப் பையை மடியில வெச்சுப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்களே மச்சான், உள்ள இருக்கிறது திராட்சை. நம்ம ஃபேக்டரி பேக்கிங் அக்கா கையில குடுக்கிறப்ப ஜூஸாத்தான் இருக்கும்.

— கை சும்மா இருக்க மாட்டேங்குது மாப்ளே. மணி என்ன?

— மூணரை. நாலு மணிக்குத்தான் வார்டுக்குள்ள விடுவாங்க. இப்பத்தானே கேட்டீங்க.

— வேணாம் மாப்ளே. நீ மட்டும் போயிட்டு வா. பழத்தைக் குடு, நானும் வந்தேன்னு சொல்லு. எனக்கு அந்தம்மா முகத்துல முழிக்கிற தெம்பு இல்ல.

— நல்லாருக்கே கதை! 'எங்கண்ணன் மூணு நாளா சோத்துல கை வெக்கல, கூடவே இருந்து கூட்டிட்டு வாங்க'ன்னு உங்க தங்கச்சி சொல்லி அனுப்பியிருக்கா. உங்களை வராண்டாவுல விட்டுட்டு நான் மட்டும் போனா வீட்டுல எனக்குத்தான் விழும்.

— அந்தம்மா கை எப்படி இருக்காம்?

— வலது மணிக்கட்டுல ரெண்டு எலும்பு. பிளேட் வெச்சிருக்காங்க. விரல் அசையுதாம். ஆனா பழையபடி மூட்டையத் தூக்கி மெஷின்ல வெக்கிற அளவுக்கு வருமான்னு இப்ப சொல்ல முடியாதாம்.

— பதினெட்டு வருசம் மாப்ளே. அந்தப் பேக்கிங் மெஷின் முன்னாடி பதினெட்டு வருசம் நின்ன கை.

— தெரியும் மச்சான்.

— நாளைக்குக் காலையில விசாரணை வெக்கிறாங்களே, என்ன எழுதப் போறாங்கன்னு காதுல விழுந்துச்சா? எங்கிட்ட யாரும் வாயே தொறக்க மாட்டேங்கிறாங்க. 'நீ ஏன்ப்பா கவலைப்படுறே, நீதான் நூத்துக்கு நூறாச்சே'ன்னு தோள்ல தட்டிட்டுப் போறாங்க.

— விழுந்துச்சு.

— சொல்லு.

— தூசி உறிஞ்சுற ஃபேனோட மோட்டார் பேரிங் ஜாம் ஆயிடுச்சு. பெல்ட் அறுந்து, மூடியைப் பேத்துக்கிட்டு வந்து அக்கா கையில அடிச்சுது. இது வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்சது. ஏன் ஜாம் ஆச்சுன்னு கேட்டப்ப, யாரு என்னைக்கு என்ன வேலை பார்த்தாங்கன்னு காட்டுற சாஃப்ட்வேரைத் தொறந்தாங்களாம். கிரீஸ் போட வேண்டிய தேதியெல்லாம் பச்சை, போட்டாச்சுன்னு. அது நீங்க. ஃபிட்டர் பார்க்க வேண்டியதும் பச்சை. அது நான். அப்ப மிச்சம் யாரு? மெஷினை ஓட்டினவங்க.

— அக்காவா?

— சத்தம் வந்தும் நிறுத்தல, நிக்கக் கூடாத எடத்துல போய் நின்னாங்க. இப்படித்தான் எழுதப் போறாங்களாம். வேலைய விட்டு அனுப்பிடுவாங்கன்னு பேச்சு.

— அடப்பாவிகளா! கருகுற வாசம் வந்ததும் சுவிட்சை அமுக்கத்தானே அந்தம்மா ஓடுச்சு? மத்தவங்கள்லாம் வெளிய ஓடினப்ப அது உள்ள ஓடுச்சு மாப்ளே, நான் பார்த்தேன்!

— சரி. அதைச் சாஃப்ட்வேர்ல எந்தக் கட்டத்துல எழுதுறது? மச்சான், பை. பையை விடுங்க.

— மாப்ளே, அந்தப் பச்சை பொய்.

— எது?

— என் பச்சை. ஃபேனுக்கு நேரா இருக்குதே, தேதி தேதியா. சத்தியமா பொய் மாப்ளே. நான் போடாமலே போட்டேன்னு காமிச்சேன்.

— மெதுவா. அந்த நர்சம்மா பார்க்குது.

— பார்க்கட்டும். மூணு நாளா நெஞ்சுல கல்லை வெச்ச மாதிரி இருக்கு. அந்த சாஃப்ட்வேர் வந்தப்ப எடத்துக்கு எடம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாங்கல்ல, கட்டம் கட்டமா? போனைக் காட்டினாத்தான் அது தொறக்கும், போட்டாச்சுன்னு அமுக்க முடியும். ஆள் நேர்ல போனானா இல்லையான்னு தெரியணுமாம். இருநூத்திப் பன்னெண்டு எடம் மாப்ளே! எண்ணெய், கிரீஸ்னு ஒத்த ஆளு. ஒண்ணு தவறினாலும் செவப்பு. திங்கட்கிழமை மீட்டிங்ல அந்தச் செவப்பைச் சுவர்ல பெருசா போட்டு, பக்கத்துல என் பேரையும் போட்டு, எல்லாரும் டீ குடிச்சுக்கிட்டே பார்ப்பாங்க. மொத மாசம் பதினாலு செவப்பு. கூசிப் போயிட்டேன்.

— ஞாபகம் இருக்கு.

— அந்த ஃபேனுக்கு ஏணி போட்டு ஏறணும். ஏறிட்டு, மூடிக்குப் பின்னால ஒருக்களிச்சுக் கையை விடணும். என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு அது ஒண்ணுக்கே அரை மணி நேரம். அதனால ஒரு நாள் என்ன பண்ணேன், ஏறுற எடத்து ஸ்டிக்கரையெல்லாம் போட்டோ புடிச்சு, பிரின்ட் எடுத்து, ஒரு நோட்டுல ஒட்டிக்கிட்டேன். டீ டைம்ல ரூம்ல உட்கார்ந்து, நோட்டைப் புரட்டிப் புரட்டி, ஒண்ணொண்ணா போனைக் காமிச்சு... நான் ஒரு மனுசனா மாப்ளே?

— தெரியும்.

— என்னது, மனுசன் இல்லைன்னா?

— நோட்டு விசயம் தெரியும்னு சொல்றேன். அஞ்சு மாசமா தெரியும்.

— என்ன சொல்றே நீ?

— அந்த ஃபேனை ஒரு நாள் செக் பண்ண ஏறினேன். கிரீஸ் ஏத்துற முனையில தூசி கெட்டியா காஞ்சு கெடக்கு. மூணு மாசமா எவனும் தொடலைன்னு பார்த்ததும் தெரியுது. கீழ எறங்கி வந்து போனைப் பார்த்தா, முந்தாநேத்துத்தான் போட்டதா உங்க பேர்ல பச்சை. அப்புறம் ஒரு தடவை டீ ரூம் ஜன்னல் வழியா உங்களையும் பார்த்தேன், நோட்டோட.

— பார்த்துட்டு சும்மா வந்துட்டியா? கதவைத் தொறந்து வந்து செவுள்ல ஒண்ணு விட்டிருக்கலாமே!

— விடுறதா? உங்க மேலயா? அப்புறம் உங்க தங்கச்சி மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? 'எங்கண்ணன் மாதிரி உண்டா'ன்னு தினமும் பாட்டுப் பாடுறவ. அதுவும் அந்த மாசம் உங்க பேர்ல நூத்துக்கு நூறு வந்து, உங்க போட்டோவை ஃபேக்டரி கேட்டுல மாட்டியிருந்தாங்க. அவ அதை போன்ல புடிச்சிட்டு வந்து வீட்டுல பெரிய ஆர்ப்பாட்டம். அப்பப் போய் நான் என்னத்தைச் சொல்ல?

— அந்தப் போட்டோவைத் தாண்டித்தான் தினமும் உள்ள போகணும் மாப்ளே. தலையைத் தூக்க மாட்டேன்.

— சொல்லல. ஆனா சும்மாவும் இருக்கல.

— அப்படின்னா?

— நானே போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் மெஷின் நிக்கிறப்ப, கிரீஸ் கன்னை எடுத்துட்டுப் போய் நானே போட்டேன். போன வாரம் வரைக்கும், ஒரு வாரம் விடாம.

— மாப்ளே!

— போன்ல ஏத்தல. ஏத்தினா உங்க பச்சை பொய்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

— மாப்ளே, நீ... நீ என் சாமிடா. அப்ப அது கிரீஸ் இல்லாமப் போகல! என்னால போகல! மூணு நாளா நான் பட்ட பாடு... கண்ணை மூடினா அந்தம்மா கை. சாப்பிட உட்கார்ந்தா அந்தம்மா கை. அப்பாடா!

— சிரிக்காதீங்க மச்சான்.

— ஏன்?

— கிரீஸ் இருந்துச்சுன்னா பேரிங் ஏன் போச்சு? அதை மாட்டினது நான். ஒம்போது மாசம் முன்னாடி, அவசரம் அவசரம்னு துரத்தினாங்க, அரை நாள்ல மாட்டிக் குடுத்தேன். அதுல எங்கயோ கோணல்னு மூணு நாளா மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கேன். உங்களுக்குத்தான் தூக்கம் இல்லைன்னு நெனச்சீங்களா?

— அட, உன் கை வேலையில கோணல் வருமா?

— இன்னும் ஒண்ணு இருக்கு. இதைச் சொல்லலைன்னா எனக்கு ஆறாது. இப்ப நீங்க நோட்டுக் கதைய ஆரம்பிச்சீங்கல்ல, அப்ப, 'சொல்லட்டும், இவரே ஒத்துக்கிட்டா நான் தப்பிச்சேன்'னு ஒரு நிமிசம் எனக்குள்ள ஓடுச்சு. முழுசா ஒரு நிமிசம். நீங்க அழுகுற மாதிரி பேசிக்கிட்டு இருக்கீங்க, நான் அதைக் கேட்டுக்கிட்டே மனசுக்குள்ள தப்பிச்சுக்கிட்டு இருந்தேன்.

— விடு. நானா இருந்தா ரெண்டு நிமிசம் ஓடியிருக்கும்.

— விடுறதுக்கு இல்ல மச்சான். கேவலமா இருக்கு.

— மாப்ளே, நீ என்னைக்குப் போட்டேன்னு சொன்னே?

— சனிக்கிழமை.

— எத்தனை பம்பு?

— கன்னை அஞ்சாறு தடவை அமுக்குவேன். முன்னாடி காஞ்சு கெடந்துச்சேன்னு கொஞ்சம் தாராளமா. ஏன் மச்சான்? மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?

— நான் திங்கட்கிழமை.

— என்ன திங்கட்கிழமை? நீங்கதான் போடவே இல்லைன்னு இப்பச் சொன்னீங்க.

— மொத மூணு மாசம் போடல. அப்புறம் அந்தப் போட்டோவை மாட்டினாங்கல்ல? அன்னைக்கு மீட்டிங்ல எல்லாரும் கை தட்டினாங்க. சாஃப்ட்வேரைப் பார்த்துக்கிற மேடம் எந்திரிச்சு நின்னு, 'இவரைப் பார்த்துக் கத்துக்கங்க'ன்னு சொல்லுச்சு. அக்காவும் வந்து, 'ரொம்ப சந்தோசம் தம்பி, நீங்க இருக்கிற தைரியத்துலதான் நாங்க நிக்கிறோம்'னு சொல்லுச்சு. அது ஊசி மாதிரி குத்திடுச்சு மாப்ளே. அடுத்த திங்கட்கிழமையிலருந்து, மெஷின் ஓட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வந்து, முட்டி போனாப் போகட்டும்னு ஏணியில ஏறினேன். நானும் போன்ல ஏத்தல. அதுலதான் ஏற்கனவே பச்சையா இருக்கே. மறுபடி அமுக்கினா ஏன் ரெண்டாவது தடவைன்னு கேக்கும்.

— வாரா வாரமா?

— வாரா வாரம்.

— எத்தனை பம்பு?

— பாவத்தைக் கழுவுறவன் எண்ணிக்கிட்டா இருப்பான்? எட்டு இருக்கும். சில நாள் பத்து. மூணு மாசம் பட்டினி போட்டுட்டோமே, உள்ள தேஞ்சிருக்குமேன்னுதான் இத்தனை நாள் நெனச்சு அழுதேன். நீயும் போட்டேன்னு...

— மாசத்துக்கு எத்தனை போடணும்னு சாஃப்ட்வேர் சொல்லுது?

— உனக்குத் தெரியாதா?

— உங்க வாயால சொல்லுங்க.

— மூணு. மாசத்துக்கு மூணு பம்பு.

— மூணு போட வேண்டிய எடத்துல நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து அறுபது போட்டிருக்கோம்.

— கடவுளே.

— தொட்டுப் பார்த்தீங்களா, போட்டப்ப?

— சுட்டுச்சு மாப்ளே. போன மாசம் ஒரு நாள் மெஷின் ஓடி நின்னப்ப கை வெச்சேன், வெக்க முடியல. கிரீஸ் பத்தலையோன்னு இன்னும் நாலு அடிச்சேன்.

— எனக்கும் சுட்டுச்சு. நானும் அதையேதான் செஞ்சேன். இருபது வருசமா ஃபிட்டரு! தொண்டை வரைக்கும் கிரீஸை அடைச்சா உள்ள இருக்கிற உருளை உருளவா செய்யும்? கிரீஸைக் கடையும். கடையக் கடையச் சூடு. சூட்டுல கிரீஸ் உருகி மோட்டாருக்குள்ள ஓடிட்டா, பேரிங் வெறும் இரும்பா நிக்கும். புதுசா வேலைக்கு வர்றவனுக்கு மொத நாள் நான் சொல்லிக் குடுக்கிற பாடம் மச்சான் இது.

— கூடிப் போனா வெளிய வரட்டும்னு கீழ ஒரு ஓட்டை இருக்குமே?

— போன வருசம் பெயின்ட் அடிச்சப்ப அதையும் சேர்த்துப் பூசிட்டாங்க. பார்த்தேன். தொறந்து விடணும்னு ஒவ்வொரு சனிக்கிழமையும் நெனச்சேன். ஸ்பேனர் கீழ இருக்கும். எறங்கினா மறுபடி ஏறணும்.

— அப்ப பேரிங் நான் பட்டினி போட்டதால சாகல.

— ரெண்டு பேரும் ஊட்டி ஊட்டிக் கொன்னிருக்கோம்.

— நம்ம ஞாயித்துக்கிழமை ஒண்ணாத்தானே சாப்பிடுறோம் மாப்ளே?

— அதைத்தான் நானும் நெனச்சேன். சனிக்கிழமை போட்டுட்டு வந்தவன் நானு, திங்கட்கிழமை போடப் போற ஆளு நீங்க. நடுவுல ஞாயித்துக்கிழமை ஒரே மேசையில எதிரெதிரே உட்கார்ந்து, 'இன்னும் கொஞ்சம் சாதம் போடவா மச்சான்', 'போதும் மாப்ளே'ன்னு பேசிக்கிட்டு இருந்திருக்கோம். ஒரு வார்த்தை! யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...

— அவமானமா இருந்துச்சு.

— உங்களுக்கு அவமானம். எனக்கு உங்களை அவமானப்படுத்தக் கூடாதேன்னு. அக்கா கை போச்சு.

— அந்தப் பாழாப்போன போன்ல உண்மைய ஏத்தியிருந்தாக்கூட அது கத்தியிருக்கும் மாப்ளே. 'இங்க ஏற்கனவே போட்டாச்சு, நிறுத்து'ன்னு செவப்பா கத்தியிருக்கும். அது மேல எவ்வளவு எரிச்சல்பட்டேன்!

— அது சொல்லத்தான் இருந்துச்சு. நம்மதான் வாயைக் கட்டிட்டோம்.

— நான் நாளைக்குப் போய்ச் சொல்லிடுறேன். நோட்டையும் கொண்டுபோய் மேசை மேல வெச்சுடுறேன். எல்லாம் நான்தான், மூணு மாசம் போடல, அப்புறம் கணக்கில்லாம போட்டேன்னு. உன் பேரு வர வேணாம்.

— ஏன், நான் எங்க போறேன்?

— உன் வீட்டுல சின்னது ரெண்டு இருக்கு. எனக்கு யாரு இருக்கா? போனா போகுது வேலை.

— இங்க பாருங்க மச்சான், அஞ்சு மாசம் உங்களை மறைச்சுத்தான் இந்த லட்சணம். இப்ப நீங்க என்னை மறைக்கிறேங்கிறீங்க. போதாதா?

— என் தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்றது?

— உள்ளதை. ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லுவோம். அவ ரெண்டு நாள் பேச மாட்டா. மூணாவது நாள் ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சுத் திட்டுவா. அதைத் தாங்கிக்கலாம். அக்கா தலையில பழியைத் தூக்கி வெச்சுட்டு நம்மால சோறு திங்க முடியுமா?

— முடியாது. சத்தியமா முடியாது.

— அப்புறம் என்ன? மொத அக்காகிட்ட. நாளைக்கு விசாரணையில. அக்கா மேல ஒரு எழுத்து விழக் கூடாது. எந்திரிங்க, உள்ள விட ஆரம்பிச்சுட்டாங்க.

— நீ முன்னால நட மாப்ளே.

— என் தோளைப் புடிச்சுக்கங்க. ஏழாம் நம்பர் கட்டில். ஜன்னல் ஓரம்.

— அந்தா, நம்மளைப் பார்த்துட்டாங்க. சிரிக்கிறாங்க. சிரிக்கிறாங்களே மாப்ளே...

— வாங்க தம்பிகளா, வாங்க! அட, ரெண்டு பேரும் சேர்ந்தே வந்துட்டீங்களா? அந்த ஸ்டூலை இழுத்துப் போடுங்க. நீங்க இப்படிக் கட்டில்லயே உட்காருங்க தம்பி, பரவால்ல, எனக்குக் கை மட்டும்தான் ஒடிஞ்சிருக்கு.

— எப்படி இருக்கீங்கக்கா?

— கெடக்கேன். இடது கையால சாப்பிடப் பழகிட்டேன். தலைதான் வார முடியல, பக்கத்துக் கட்டில் பொண்ணு வாரி விடுது. என்ன பையில, திராட்சையா? ஏன் இப்படி நசுங்கிக் கெடக்கு?

— நான்தான்க்கா... வெளிய உட்கார்ந்து...

— போகட்டும் விடுங்க. நான் மெல்லுற வேலை மிச்சம்.

— அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மாப்ளே, நீ சொல்லு.

— அக்கா, அந்த ஃபேன் விசயமா...

— அட, அதுக்கா ரெண்டு பேரும் இப்படிப் பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க? உங்களையும் போட்டுக் குடையுறாங்களோ? ஒண்ணும் பயப்படாதீங்க. எல்லாம் நான் பார்த்துச் சொல்லிட்டேன்.

— யார்கிட்டக்கா?

— மத்தியானம் அந்த சாஃப்ட்வேர் மேடம் வந்துச்சு, இன்னொரு ஆபீசரும் கூட. இப்படித்தான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, 'ஃபேனுக்கு ஒழுங்கா கிரீஸ் போட்டாங்களா, நீங்க கண்ணால பார்த்தீங்களா'ன்னு கேட்டுச்சு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. பார்க்காமலா? என் மெஷினுக்கு மேலதானே அது இருக்கு? சனிக்கிழமை சாயங்காலம் நான் பையை எடுத்துக்கிட்டுக் கெளம்புறப்ப இந்தத் தம்பி ஏணியில நிப்பாரு. திங்கட்கிழமை காலையில வந்து துணி மாத்துறப்ப நீங்க நிப்பீங்க, முட்டியைப் புடிச்சுக்கிட்டு. ஒரு வாரம் தவறினதில்லையே!

— ரெண்டு பேரையும் பார்த்தீங்களாக்கா?

— பின்ன? என்னைத் தவிர அங்க யாரு இருக்கா பார்க்கிறதுக்கு? நான் வீட்டுலகூட சொல்லுவேன், என் தலைக்கு மேல ஓடுறதை ரெண்டு ஆளு மாத்தி மாத்திக் கவனிக்கிறாங்க, எனக்கு என்ன பயம்னு. அன்னைக்குக் காலையில சத்தம் லேசா மாறுச்சு தம்பி. எனக்குக் கேட்டுச்சு. அப்பவே நிறுத்தியிருக்கணும். முந்தின நாள்தானே நீங்க ஏறி கிரீஸ் போட்டீங்க, இது ஒண்ணும் இருக்காதுன்னு நான்தான் ஓட விட்டுட்டேன்.

— அக்கா... நாங்க சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க...

— நான் சொல்லி முடிச்சுடுறேன், அப்புறம் நீங்க சொல்லுங்க. அந்த ஆபீசரு உங்க பேரையும் இதுல இழுக்கப் பார்த்தாரு. நான் விடல. வாரத்துக்கு ரெண்டு தடவை ஏறி கிரீஸ் போடுற புள்ளைங்க மேல தப்பு எப்படி வரும், சத்தம் கேட்டும் நிறுத்தாதது நான்தான்னு எழுதச் சொல்லி, இடது கை ரேகையை வெச்சுக் குடுத்துட்டேன் தம்பி.